செல் துண்டின் மேல் விழுந்த பழி: எஞ்சிய கால் வலியில் நரம்புத் தடை ஊசி – ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் எக்ஸ்ரே எடுக்க வரும் நடுவயதுக்காரர்கள் பலருடைய படத்தில், தேடிப் போகாத ஒன்றும் வெள்ளையாகத் தெரியும். நெஞ்சைப் படம் எடுத்தால் தோளுக்குப் பின்னால் ஒரு செல் துண்டு, அதாவது வெடித்த எறிகணையின் துண்டு, இருக்கும், முழங்காலை எடுத்தால் தொடையில் இரண்டு இருக்கும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அந்த இரும்புகள் இன்னும் உடம்புகளில் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆனாலும் அவற்றுக்கு அருகில் எங்கே வலித்தாலும் பழி முதலில் அவற்றின் மேல்தான் விழுகிறது. நோயாளி மட்டுமா, படத்தைப் பார்க்கும் வைத்தியரும் அப்படித்தான் நினைக்கிறார்.

இங்கே எழுதுகிற நிகழ்வில் அந்தப் பழியைத் தீர்த்து வைத்தது ஐந்து மில்லிலீட்டர் விறைப்பு மருந்து. வலியை அது நீக்கியது சில மணித்தியாலங்களுக்கு மட்டும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் 'நரம்பில் ஊசி போட்டால் வலி ஒரேயடியாகப் போய்விடும்' என்று கேள்விப்பட்டு வருபவர்களும் இருக்கிறார்கள், 'நரம்பு செத்துப் போகும்' என்று பயந்து வராமலே இருப்பவர்களும் இருக்கிறார்கள். நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை இனங்காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

நோயாளியும் முறைப்பாடும்

நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் பெண். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மேட்டுக்காணியில் கச்சான் (நிலக்கடலை) போடுகிறார். மிகுதி நாட்களில் வீட்டோடு ஒரு சிறு கடை. 2009 இன் தொடக்கத்தில் செல் விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. உயிரைக் காப்பாற்ற அவசரமாக அறுத்த கால் அது. வெட்டிய நரம்பின் நுனியை எந்தத் தசைக்குள் புதைப்பது என்று யோசிக்க அன்றைக்கு அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது. செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது காயம் ஆறியது. பிறகு ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் கிடைத்தது. 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான இந்தக் காலுக்குச் சப்பாத்து வேண்டியதில்லை. சேற்றில் இறங்கலாம், குந்தி இருக்கலாம். வயலும் கோயிலும் உள்ள ஊருக்குப் பொருந்துகிற கால்.

அவர் கொண்டுவந்த கிளினிக் கொப்பியில் ஆண்டாண்டாக எழுதியிருந்தது ஒரே வரி: 'கால் நோ.' அந்த ஒரு வரிக்குள் இரண்டு வலிகள் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க நிதானமான பேச்சு மட்டும் போதுமாக இருந்தது, கருவி எதுவும் தேவைப்படவில்லை. நெரிசலான கிளினிக்கில் அந்தப் பேச்சுக்குத்தான் இடமே இல்லாமல் போகிறது.

முதலாவது, காலைப் போட்டு நடக்கத் தொடங்கியதும் வருவது. கால்முனையின், அதாவது அறுத்த பின் எஞ்சிய காலின் நுனியின், வெளிப்பக்கத்தில் தொடங்கி, இல்லாத பாதத்தின் மேற்புறம்வரை 'கரண்ட் அடிக்கிறது' என்றார். காலைக் கழற்றினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதற்குப் பயந்தே கிணற்றடிக்குப் போகவும் கடைக்குள் எழுந்து திரியவும் ஊன்றுகோலை எடுத்துவிடுவார். கால் பெரும்பாலும் மூலையில் சாத்தியே இருந்தது. இரண்டாவது, இரவில் வருவது. இல்லாத விரல்கள் உள்ளே மடிந்து நசிகின்றன, விரிக்க முடியவில்லை என்றார். கால் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அது வரும். மே மாதம் வந்தால் கூடும்.

மே மாதத்தில் கூடுகிறது என்பதைக் கேட்டு, இது மனதில் இருக்கும் வலி என்று ஒருவர் முன்பு அவரிடம் சொல்லியிருக்கிறார். நினைவும் துயரமும் வலியைக் கூட்டும் என்பது உண்மை. கூட்டுவதற்கு அங்கே முதலில் ஒரு வலி இருக்க வேண்டும் அல்லவா? இழந்த உறுப்பில் உணரும் வலியை அமெரிக்க உள்நாட்டுப் போரின் காயக்காரர்களிடம் பார்த்து விவரித்த வைத்தியர் சைலஸ் வெயர் மிட்சல், அந்த மாய உறுப்புக்கு 1871 இலேயே பெயரும் வைத்துவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு நோயாளி இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றால், கேட்கிறவர்களிடம்தான் குறை இருக்கிறது.

அதுவரை நடந்த சிகிச்சை: பனடோல், இடையிடையே தனியார் மருந்தகங்களில் 'நோ ஊசி'. கிராமத்தில் நோ ஊசி என்றால் பெரும்பாலும் பின்புறத்தில் போடும் டைக்ளோஃபெனக். அது வீக்கத்தால் வரும் வலிக்கான மருந்து. காயப்பட்ட நரம்பிலிருந்து வரும் வலிக்கு அதனால் பயன் மிகக் குறைவு. இவருக்கு நீரிழிவும் இருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் சற்றுக் கூடியிருந்தது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கும்போது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனக்கை இப்படித் திரும்பத் திரும்ப ஏற்றுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. முதலில் அதை நிறுத்தினோம்.

துண்டும் முடிச்சும்

எக்ஸ்ரேயில் கெண்டைக்கால் பின்தசையின் ஆழத்தில் நகத்தளவு உலோகத் துண்டு ஒன்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கொழும்பில் தனியாரிடம் எடுப்பதற்காக நகையை அடகு வைக்கும் யோசனையும் இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகத் தெரியாதா என்று அவருடைய சகோதரர் கேட்டார். செல் துண்டுகள் காந்தத்துக்கு இழுபடும் இரும்பாக இருக்கக்கூடும். அந்த இயந்திரத்தின் காந்தப்புலத்தில் அவை அசையலாம், சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். இப்படியானவர்களுக்கு அதை யோசிக்காமல் எழுதிக் கொடுக்கக் கூடாது.

கையால் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. துண்டு இருக்கும் இடத்தை ஆழமாக அழுத்தியபோது அவருக்கு ஒன்றுமில்லை. கால்முனையின் வெளிப்பக்கத்தில், தழும்பிலிருந்து இரண்டு விரல் மேலே விரல்நுனியால் தட்டியதும் துள்ளி எழுந்தார். அதே கரண்ட், அதே பாதத்தின் மேற்புறம். ஒரு சதுர சென்ரிமீட்டருக்கு அப்பால் தட்டினால் ஒன்றுமில்லை.

வெட்டிய பூவரசு துளிர்ப்பதுபோல, அறுபட்ட நரம்பும் தன் பழைய வழியைத் தேடித் துளிர்விடுகிறது. போக வழியில்லாமல் துளிர்கள் தமக்குள் சுற்றி ஒரு முடிச்சாகின்றன. நியூரோமா என்பது இதுதான். அந்த முடிச்சின் சுவரில் சோடியத்தை உள்ளே விடும் வாசல்கள் அளவுக்கு மிஞ்சிச் சேர்கின்றன. அதனால் சிறு அழுத்தத்துக்கும், சிலவேளை எதுவுமே படாமலும், அது தானாகச் சமிக்ஞை அனுப்புகிறது. மூளைக்கு அது பாதத்திலிருந்து வந்த செய்தியாகவே தெரியும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில், தட்டிய இடத்துக்கு நேர் கீழே, காலின் வெளிப்பக்கமாக இறங்கும் பெரோனியல் நரம்பின் கிளை ஒன்றின் நுனியில், கறுப்பாக நீள்வட்டமான ஒரு வீக்கம் தெரிந்தது. இத்தோடு முடிவு கட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. அறுபட்ட நரம்பு எதுவானாலும் முடிச்சுப் போடும், அவற்றில் சிலதான் வலிக்கும். முடிச்சு இருக்கிறது என்பதற்குப் படம் சாட்சி. வலிப்பது அதுதான் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் அந்த நரம்பை மட்டும் சற்று நேரம் பேசவிடாமல் செய்து பார்க்க வேண்டும்.

ஊசி

தொடையின் பின்னால் வரும் பெரிய நரம்பு முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. டிபியல் நரம்பு பின்பக்கத்துக்குப் போகிறது. செல் துண்டு கிடந்த தசை அதன் ஆட்சியில் உள்ளது. பெரோனியல் நரம்பு வெளிப்பக்கமாகத் திரும்பி, முழங்காலுக்கு வெளிக்கீழே கையில் தட்டுப்படும் ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. முடிச்சு இதன் கிளையில் இருந்தது. ஆகவே பெரோனியல் நரம்பை மட்டும் விறைக்கச் செய்தால், நடக்கும்போது வரும் வலி போகிறதா இல்லையா என்பதிலேயே விடை இருக்கிறது. போனால் துண்டு நிரபராதி. போகாவிட்டால் துண்டை மறுபடியும் விசாரிக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. முழங்காலின் பின்குழியில் போட்டால் இரண்டு நரம்புகளும் பக்கத்தில் இருப்பதால் மருந்து கசிந்து இரண்டும் விறைக்கலாம். அப்போது எந்த நரம்பைக் கேட்டோம் என்பதே தெரியாமல் போகும். ஃபிபுலாவின் கழுத்தில் பெரோனியல் தனியாக, தோலுக்கு மிக அருகில் கிடக்கிறது. கால் முழுதாக உள்ளவருக்கு இங்கே போட்டால் பாதம் சில மணித்தியாலம் தூக்க முடியாமல் தொங்கும், தடுக்கி விழுவார். இவருக்கு அந்தக் கவலை இல்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் ஸ்கான் இயந்திரத்தை, அன்றைய சத்திரசிகிச்சைகள் முடிந்த பிறகு பயன்படுத்தினோம். மருந்து ஒரு வீத லிக்னோகெயின், ஐந்து மில்லிலீட்டர், அதாவது 50 மில்லிகிராம். அவருடைய எடை ஏறத்தாழ 50 கிலோ. அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினுக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 150 மில்லிகிராம்வரை எல்லை. அதில் மூன்றில் ஒன்றுதான் கொடுத்தோம். ஊசி நுனி நரம்புக்குள் போகாமல் அதன் பக்கத்தில் நிற்பதைத் திரையில் பார்த்து, பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று சரிபார்த்து, சிறிது சிறிதாகச் செலுத்தினோம்.

செலுத்தும்போது கூர்மையான வலி ஓடினால் உடனே நிறுத்த வேண்டும். ஊசி நரம்புக்குள் இருக்கிறது என்பதன் அறிகுறி அது. நரம்பு சேதமாவது அரிது. ஆனால் அந்த வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அழுத்துகிறவர்களால்தான் அது நடக்கக்கூடும். மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் உதடு விறைக்கும், நாக்கில் உலோகச் சுவை வரும், காது இரையும். மேலும் ஏறினால் வலிப்பும் இதயத்துடிப்பு நின்றுபோவதும் வரலாம். அதனால்தான் சிறு ஊசியானாலும் நாளத்தில் கனுலா என்ற ஒரு சிறு குழாயும், ஒட்சிசனும், 20 வீதக் கொழுப்புக் கரைசலும் இருக்கும் இடத்தில் மட்டும் போடுகிறோம். இந்த நச்சுத்தன்மைக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிலீட்டர் கொழுப்புக் கரைசலை உடனே நாளத்தில் ஏற்றுவது முதற்கட்டச் சிகிச்சையில் சேர்ந்தது. ஊரிலேயே வந்து போட்டுவிட முடியாதா என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான்.

பத்து நிமிடம் கழித்து ஸ்பிரிட் தோய்த்த பஞ்சின் குளிர் வெளிப்பக்கத்தில் தெரியவில்லை. பின்பக்கத்தில் தெரிந்தது. மருந்து போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போயிருக்கிறது. தட்டிப் பார்த்தோம், கரண்ட் இல்லை. காலைப் போட்டு விறாந்தையில் நடக்கச் சொன்னோம். வழக்கமாகப் பத்துக்கு எட்டு என்று சொல்லும் வலியை ஒன்று என்றார். நம்பாமல் திரும்பவும் ஒரு தடவை போய் வந்தார். பிறகு அவர் கேட்டது: "அப்படியானால் அந்தத் துண்டு, டொக்டர்?"

"அது அங்கேயே இருக்கட்டும், அக்கா," என்றேன்.

சில நிமிட நடையோடு காலைக் கழற்றச் செய்தோம். விறைத்த தோலுக்கு உராய்வு தெரியாது. நீரிழிவுக்காரருக்கு அந்த உராய்வு புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கலாம். உணர்வு முழுதாகத் திரும்பும்வரை கால் போடக் கூடாது, வீட்டுக்கு ஊன்றுகோலோடு போக வேண்டும், துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை.

இரவு வலியில் மாற்றமில்லை. பாதத்தின் மேற்புறம் விறைத்தது போலிருந்தாலும் மடிந்த விரல்கள் மடிந்தபடியே இருந்தன. நரம்பைத் தடுக்கும்போது மாய உறுப்பின் வலி சிலருக்கு அடங்குகிறது, சிலருக்கு அசைவதில்லை. அசையாதவர்களிடம் அந்த வலி முதுகுத்தண்டிலும் மூளையிலும் தனக்கென ஓரிடம் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஊசி இரண்டு வலிகளையும் வேறுவேறாக்கிக் காட்டியது. அதற்கு முன்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஒரு சாட்சி போதாது

ஊசி என்றாலே பாதி வலி குறைபவர்கள் உண்டு. நடிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, எதிர்பார்ப்பு மூளையில் உண்மையாகவே வலியைத் தணிக்கிறது. ஆகவே முதல் ஊசியின் வெற்றியை மட்டும் நம்பி அறுவைக்கோ நிரந்தர மருந்துக்கோ போவது சரியல்ல. சில வாரங்களின் பின் அதே இடத்தில் மறுபடி போட்டோம். இந்தத் தடவை புப்பிவக்கெயின், 0.25 வீதம், ஐந்து மில்லிலீட்டர். இரண்டு தடவை இரண்டு மருந்து போடுவோம் என்பதற்கு முதலிலேயே சம்மதம் வாங்கியிருந்தோம். எந்த நாளில் எது என்பதை மட்டும் சொல்லவில்லை. லிக்னோகெயின் ஒன்றிரண்டு மணித்தியாலம் நிற்கும். புப்பிவக்கெயின் அதைவிடப் பல மணித்தியாலம் கூடுதலாக நிற்கும். வலி நீங்கியிருந்த நேரம் மருந்தின் நேரத்தோடு ஒத்துப்போனால் சாட்சி பலமாகும்.

வீட்டில் கால் போடாமல் இதை எப்படி அளப்பது? அந்தப் புள்ளியைத் தானே விரலால் தட்டிப் பார்த்து, கரண்ட் திரும்பும் நேரத்தைக் கொப்பியில் எழுதச் சொன்னோம். லிக்னோகெயின் போட்ட நாளில் இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பியிருந்தது. மற்ற நாளில் இருட்டிய பிறகு. மருந்துகளின் பெயர் தெரியாத ஒருவருடைய கொப்பி, மருந்தியல் புத்தகத்தோடு ஒத்துப்போனது.

ஊசிக்குப் பின்

இந்த வழக்கில் வலியைக் குறைத்த பெரிய காரியத்தைச் செய்தவர் கால் செய்யும் தொழில்நுட்பவியலாளர். தட்டிக் கண்டுபிடித்த புள்ளியை அழியாத பென்சிலால் தோலில் குறித்து அவரிடம் அனுப்பினோம். எஞ்சிய கால் உள்ளே இறங்கும் சொக்கெட்டின் சுவர், சரியாக அந்த இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. ஆண்டுகள் போகப் போகத் தசை வற்றி, கால்முனை ஒடுங்கி, சொக்கெட்டுக்குள் கீழே இறங்கியிருந்தது. பொருத்திய நாளில் சரியாக இருந்த சுவர் இப்போது முடிச்சின் மேல் நின்றது. அவர் அந்த இடத்தைக் குழித்து, பாரத்தை முழங்காற்சிரட்டைக்குக் கீழுள்ள தசைநாருக்கு மாற்றினார். விறைத்த நாளில் இந்தச் சரிபார்ப்பைச் செய்யக் கூடாது, விறைத்த கால் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லும். உணர்வு உள்ள நாளில் போட்டு, நடந்து, கழற்றி, சிவந்த இடங்களைப் பார்த்துச் செய்தார்.

அதன் பிறகும் மிச்சமிருந்த வலிக்காக முடிச்சைச் சுற்றிப் புப்பிவக்கெயினோடு 20 மில்லிகிராம் ட்ரையம்சினொலோன் என்ற ஸ்டெரொயிட் கொடுத்தோம். கால் முடிச்சுகளில் இதற்கான சான்று பலமானதல்ல. அதை அவரிடமும் சொன்னோம். நீரிழிவுக்காரருக்கு ஸ்டெரொயிட் ஊசிக்குப் பின் சில நாட்களுக்குச் சீனி ஏறும் என்பதால் அந்த வாரம் தினமும் சோதிக்கச் சொன்னோம். ஏறத்தான் செய்தது, பிறகு இறங்கியது. பீனோல் போன்ற மருந்தால் நரம்பை அழிக்கும் யோசனையைக் கைவிட்டோம். அழித்த நரம்பும் மறுபடி துளிர்க்கும், புது வலியோடு துளிர்க்கவும் கூடும்.

இரவு வலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கி 25 வரை போனோம். வாய் காய்கிறது, விடிய எழும்ப முடியவில்லை என்று முறையிட்டார். மாத்திரையை நேரத்தோடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னதும் சமாளித்தார். கபாபென்டின் சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்து. கிரியேட்டினினைப் பார்த்து அதைத் தள்ளி வைத்தோம். கண்ணாடிப் பயிற்சியும் தொடங்கினோம். இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்தி, இடது காலின் விரல்களை விரித்து மடக்கி, அதன் பிம்பத்தை இல்லாத காலாகப் பார்ப்பது. முதல் நாள் சிரித்தார். அடுத்த தடவை வந்தபோது கண்ணாடியில் விரல் விரிவதைப் பார்த்து அழுததாகச் சொன்னார். அதன் பிறகு விடாமல் செய்கிறார்.

மூன்று மாதத்தில், நடக்கும்போது வரும் வலி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. இரவு வலி ஏழிலிருந்து ஐந்துக்குத்தான் வந்தது. எண்களைவிட எனக்கு நம்பிக்கை தருவது, கால் காலையில் ஏறிப் பின்னேரம்வரை கழறாமல் இருக்கிறது என்ற செய்தி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போய், ஊன்றுகோல் இல்லாமல் வீதியைச் சுற்றி வந்திருக்கிறார். மறுநாள் கால்முனை வீங்கியது என்றும் சொன்னார். ஆனால் அவர் அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை.

செல் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகை அடகுக்குப் போகவில்லை.

இனிச் செய்யவேண்டியது என்ன என்பதில் எங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. முடிச்சை வெட்டி, நரம்பு நுனியைத் தசைக்குள் ஆழமாகப் புதைத்துவிடலாம், இரண்டு ஊசிகளும் இடத்தைக் காட்டிவிட்டன, இதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார் என்னோடு வேலை செய்யும் சத்திரசிகிச்சை நிபுணர். வலி மூன்றில் நிற்கும்போது நீரிழிவுக் காலைத் திறப்பதற்கு எனக்கு மனமில்லை. புதைத்த நுனியிலும் மறுபடி முடிச்சு வரலாம். இருவரும் எங்கள் பக்கத்தை அவரிடம் நேரே சொன்னோம். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அறுத்தால் எவ்வளவு காலம் கால் போட முடியாது? காயம் முழுதாக ஆறும்வரை, சில வாரமாவது என்றோம்.

"கச்சான் பிடுங்கி முடியட்டும், டொக்டர். பிறகு சொல்கிறேன்," என்றார்.